விளிம்பில் ஒரு வீடு, மேலே ஒரு ஏக்கர் மழை

‘ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் எங்கள் கிராமம். கொல்லையின் ஓரத்தில் புதிதாக வீடு கட்டியிருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் மேட்டு நிலம். முன்பக்கம் 18 அடி தள்ளி, 30 அடி ஆழத்துக்குச் செங்குத்தான சரிவு. மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் முழுக்க வீட்டைச் சுற்றி ஓடி, அந்தச் சரிவில் விழுகிறது. வீட்டுக்கும் சரிவுக்கும் நடுவில் பெரிய உறிஞ்சு குழி எடுத்து, அந்தத் தண்ணீரை நிலத்துக்குள் இறக்கிவிடலாமா? குழி எத்தனை அடி ஆழம் இருக்க வேண்டும்?’

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது. வழக்கமாக இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நாலு வரியில் பதில் எழுதிவிடுவேன். இதற்கு அப்படி எழுத மனம் வரவில்லை. கடிதத்தில் இருந்த செல்பேசி எண்ணைக் கூப்பிட்டு, “தம்பி, குழி எடுத்துடாதீங்க. நான் நேர்லயே வர்றேன்” என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “எடுத்துட்டேன் சார்” என்றார்.

மலைக்குப் போகும் வழி

ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாகப் போகும் சாலையில்தான் ஏறினேன். காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கிறது. வானம் தெளிவாகத் தெரிகிற இடமாகப் பார்த்து, 1960-களில் வானியல் அறிஞர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் அது. கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல். 1986-ல் அவர் பெயரையே ஆய்வகத்துக்கு வைத்தார்கள். சாலையில் போகும்போது மரங்களுக்கு நடுவே வெள்ளைக் குவிமாடம் தெரியும். வானம் பார்க்க வந்தவர்களுக்கு இந்த மலையில் மேகம் தொந்தரவு. சாமை விதைத்தவர்களுக்கு அதே மேகம்தான் சோறு.

ஆடி பிறக்க இன்னும் சில நாள்கள் இருந்தன. தென்மேற்குப் பருவத்தில் இரண்டு நல்ல மழை விழுந்து, கொல்லைகளில் சாமை விதைத்துக் கொண்டிருந்தார்கள். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை இது. செய்யாறு பிறப்பது இங்கேதான். படவேடு பக்கம் செண்பகத்தோப்பு அணைக்கு வரும் கமண்டல நாகநதியும் இந்த மலைத் தண்ணீர்தான். கீழே குப்பநத்தம் அணை நிறைந்ததா என்று செங்கம் பக்கத்து விவசாயி கேட்கும்போது, அவர் உண்மையில் கேட்பது இந்த மலையில் மழை பெய்ததா என்பதைத்தான்.

அதனால்தான் எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு இந்த மலை என்றால் ஒரே பாடம்: ஓடுகிற தண்ணீரை நிறுத்து. நிறுத்திய தண்ணீரை மண்ணுக்குள் இறக்கு. சம உயர வரப்பு, கற்தடுப்பணை, பண்ணைக்குட்டை, உறிஞ்சு குழி என்று 30 வருடமாக நான் கிராமம் கிராமமாகச் சொல்லி வருவது இதைத்தான். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, அதற்காக மேடை ஏறிப் பேசியவர்களில் நானும் ஒருவன்.

ஜமுனாமரத்தூரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்தத் தம்பி பைக்கோடு வந்துவிட்டார். முப்பது வயதிருக்கும். முதலில் கேட்டது இதுதான்: “உறிஞ்சு குழி வேணாம்னீங்களே சார்... விழுற தண்ணிய விழுற இடத்துலயே மண்ணுக்குள்ள விடணும்னு நீங்கதானே போன வருஷம் எழுதினீங்க?”

எழுதியது நான்தான்.

பழைய வீடும் புதிய வீடும்

வீடு அழகாக இருந்தது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டியது. 360 சதுர அடி. பெரும்பகுதி கான்கிரீட் தளம். வெளிர்நீலப் பெயின்ட் இன்னும் வாசனை போகவில்லை. வாசலில் நின்றால் எதிரே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது. பலாமரங்களுக்குக் கீழே சரிவு தொடங்குகிறது.

பக்கத்திலேயே அவருடைய பாட்டி இருக்கிற பழைய வீடு. மண்சுவர், புல் கூரை. அது விளிம்பிலிருந்து நூறு அடிக்கு மேல் தள்ளி, பாறை வெளியே தெரிகிற மேட்டில் இருக்கிறது. “ஏன் பாட்டி, அங்கே கட்டாமல் இங்கே கட்டினீர்கள்?” என்றேன்.

“அங்க எடமில்ல ஐயா. சமமா இருக்கிற எடத்துல சாமை போடணும். லாரி வர்ற வழியும் இதுதான்” என்றார். பிறகு அவராகவே சொன்னார்: “புல்லுக் கூரையில தண்ணி சுத்திலும் சொட்டுச் சொட்டா விழும். இதுல ரெண்டு கொழாயில கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. மொத மழையிலயே கொழா அடியில பானை கணக்கா பள்ளம்.”

பாட்டி சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. புல் கூரை மழையைக் கொஞ்சம் குடிக்கும். மிச்சத்தை நான்கு பக்க விளிம்பிலும் பரப்பி, மெதுவாக விடும். கான்கிரீட் தளம் ஒரு சொட்டும் குடிக்காது. மொத்தத்தையும் இரண்டு குழாயில் சேர்த்து, இரண்டே இடத்தில் கொட்டும். வீட்டைச் சுற்றிப் போட்ட சிமென்ட் களம், லாரி வர மட்டம் செய்த பாதை எல்லாமே அப்படித்தான். வீடு புதிதாகும்போது அந்த இடத்தில் தண்ணீர் ஓடும் விதமும் புதிதாகிவிடுகிறது. வரைபடம் போடும்போது அறை, ஜன்னல், படிக்கட்டு எல்லாம் பார்க்கிறோம். தண்ணீர் எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும் என்று ஒரு கோடு போட்டுப் பார்ப்பதில்லை.

குழியைப் பார்த்தேன்

வீட்டு முன்பக்கம், சரிவின் விளிம்பிலிருந்து எட்டடி தள்ளிக் குழி. ஜே.சி.பி வைத்து எடுத்தது. ஆறடி நீளம், ஆறடி அகலம், ஐந்தடி ஆழம். அடியில் சல்லி போட்டு, மேட்டுத் தண்ணீர் வந்து சேர வாய்க்காலும் வெட்டியிருந்தார். வேலை சுத்தமாக இருந்தது. சமவெளியில் ஒரு தோட்டத்தில் எடுத்திருந்தால், நானே படம் பிடித்து இந்தப் பத்திரிகைக்கு அனுப்பியிருப்பேன்.

குழியின் பக்கச்சுவரைப் பார்த்தேன். மேலே மூன்றடி செம்மண். அதற்குக் கீழே சரளை. அடியில் மக்கிய பாறை. குழிக்குள் இறங்குகிற தண்ணீர் செம்மண்ணில் ஊறி, சரளையில் ஓடி, பாறையில் முட்டி நிற்கும். நின்ற தண்ணீர் பாறையின் மேலேயே பக்கவாட்டில் நகரும். நகர்ந்து எங்கே போகும்? எட்டடி தள்ளி இருக்கிற அந்தச் சரிவின் முகத்துக்குத்தான்.

“தம்பி, உங்கள் வயலில் வரப்பு எப்படி உடையும்?” என்று கேட்டேன்.

“தண்ணி மேல வழிஞ்சு உடையும் சார். இல்லாட்டி நண்டு வளை இருந்தா, அதுல ஊறி, அடியில எளகி உடையும்.”

“இந்த விளிம்பும் ஒரு வரப்புதான். 30 அடி உயர வரப்பு. நீங்கள் எடுத்திருப்பது நண்டு வளை.”

ஈரம் மண்ணுக்கு மூன்று விதத்தில் கேடு செய்கிறது. முதலாவது, எடை. ஊறிய மண் காய்ந்த மண்ணைவிட மிகக் கனம். அந்தக் கனம் முழுவதும் விளிம்பைக் கீழே இழுக்கிறது. இரண்டாவது, பிடிப்பு. மண் துகள்களுக்கு நடுவே தண்ணீர் நிறைந்தால், அதன் அழுத்தம் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளிவிடுகிறது. ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டிருந்த மண் வழுக்கத் தொடங்குகிறது. மூன்றாவது, அரிப்பு. விளிம்புக்கு மேலே வழிந்து விழுகிற தண்ணீர், 30 அடி கீழே போய் அடிக்கும்போது சரிவின் அடிமண்ணைத் தோண்டுகிறது. அடி போனால் மேலே இருப்பது தானாக இறங்கும்.

அதனால் விளிம்பில் தண்ணீரை உள்ளே இறக்கவும் கூடாது, மேலே வழிய விடவும் கூடாது. அங்கே சேராமலேயே அதை வேறு பக்கம் அழைத்துப்போக வேண்டும். 30 வருடமாக நான் சொன்ன பாடத்துக்கு இது நேர் எதிர் என்று தோன்றலாம். இரண்டும் ஒரே பாடம்தான், இடம்தான் வேறு. கொல்லையில் தண்ணீர் நின்றால் பயிருக்கு உயிர். வீட்டுக்கும் சரிவுக்கும் நடுவில் நின்றால் வீட்டுக்கு ஆபத்து.

நான் செய்த தவறு

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. சுமார் இருபது வருடங்களுக்கு முன், வேறொரு மலையில் ஒரு சிறு விவசாயியின் சரிவு நிலத்தில் சம உயர அகழிகள் எடுக்கச் சொன்னேன். நிலத்துக்கு அது சரியான யோசனை. ஆனால் கடைசி இரண்டு அகழிகள் அவருடைய மாட்டுக் கொட்டகைக்கு நேர் மேலே வந்தன. கொட்டகைக்குக் கீழே பள்ளம். ‘அதற்கென்ன, மண் ஈரமாக இருக்கும்’ என்று நினைத்தேன். அந்த ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை. அகழி இரண்டும் தளும்பி நின்றன. ஐந்தாம் நாள் விடியற்காலை கொட்டகை பாதியோடு கீழே போனது. கட்டியிருந்த இரண்டு மாடுகளில் ஒன்று பிழைக்கவில்லை.

அந்த விவசாயி என்னைக் குறை சொல்லவே இல்லை. “மழை அப்படி சார்” என்றார். மழை மட்டும் காரணமில்லை என்பது எனக்குத் தெரியும். அன்றிலிருந்து எந்த நிலத்துக்குப் போனாலும், அகழிக்குக் கோடு போடுவதற்கு முன் கீழே என்ன இருக்கிறது என்று நடந்து பார்க்கிறேன். இதைப் பத்திரிகையில் எழுத இத்தனை வருடம் ஆகிவிட்டது. முன்பே எழுதியிருந்தால் இந்தத் தம்பி குழி எடுத்திருக்க மாட்டார்.

திருவண்ணாமலையை மறக்க முடியுமா?

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. வேகமாக நகராமல், உள்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. இந்த மலைக்குத் தெற்கே இருக்கிற ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர். டிசம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலையில் அண்ணாமலையார் மலையடிவாரம், வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டை மூடின. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்த மாவட்டத்தில் வேலை பார்த்த யாராலும் அந்த நாட்களை மறக்க முடியாது.

அங்கே வீடு சரிவுக்குக் கீழே இருந்தது. நம் தம்பியின் வீடு சரிவுக்கு மேலே இருக்கிறது. இரண்டிலும் மண்ணை இளக்குவது மழைத்தண்ணீர்தான். 50 சென்டிமீட்டர் மழையை எந்த வாய்க்காலும் முழுதாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் வருடா வருடம் வருகிற ஐந்து, பத்து சென்டிமீட்டர் மழையில் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகாமல் இருந்தால்தான், பெரிய மழை வரும் நாளில் அது தாங்குவதற்கு ஒரு வாய்ப்பாவது இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம்

திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். இந்த ஒரு வரி தெரிந்தால் போதும், மிச்சம் பெருக்கல்தான்.

வீட்டுக் கூரை 360 சதுர அடி, அதாவது சுமார் 33 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் மழைக்கு 3,300 லிட்டர். வீட்டுக்கு மேலே உள்ள கொல்லை ஒரு ஏக்கர், 4,000 சதுர மீட்டர். அதே மழைக்கு 4 லட்சம் லிட்டர். பாதி நிலத்தில் ஊறிவிட்டாலும், 2 லட்சம் லிட்டர் ஓடி வரும். கூரைத் தண்ணீரைவிட அறுபது மடங்கு!

தம்பி எடுத்த குழியின் கொள்ளளவு, சல்லி போடாமலேயே, 180 கன அடி. சுமார் 5,000 லிட்டர். “2 லட்சம் லிட்டருக்கு 5,000 லிட்டர் குழி” என்று அவரே சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் கொட்டினால், பாதி ஓடுவதாக வைத்தாலும், நொடிக்கு 28 லிட்டர். அதாவது நொடிக்கு இரண்டு குடம். அந்தத் தண்ணீருக்கு நாம் குழி தேடக்கூடாது. வழி தேட வேண்டும்.

வழி எங்கே?

வீட்டுக்கு மேற்கே 120 அடி தூரத்தில் இயற்கையான ஓடை ஒன்று பாறை மேல் ஓடிக் கீழே இறங்குகிறது. எத்தனையோ வருடமாகத் தண்ணீர் ஓடி, மண்ணெல்லாம் போய், பாறை மட்டும் மிஞ்சிய வழி. மலையில் தண்ணீரை இறக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே அரிக்க இனி ஒன்றுமில்லை.

ஆனால் ஓடைக்குப் போக வேண்டுமானால் அவருடைய பெரியப்பாவின் கொல்லை ஓரமாகத்தான் போக வேண்டும். பெரியப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “உன் வூட்டுத் தண்ணி என் சாமைய அடிச்சுக்கிட்டுப் போகும். அப்புறம் நான் யார்கிட்ட கேக்கறது?” என்றார். அவர் பயம் நியாயமானது. பல ஊர்களில் ஒரு வீட்டைக் காப்பாற்றிய வாய்க்கால், அடுத்தவர் நிலத்தை ஓடையாக்கியிருக்கிறது. தண்ணீரைத் திருப்புகிறவர், அது போய்ச் சேரும் இடம் வரைக்கும் பொறுப்பு.

வரப்போரமாகவே வாய்க்கால் போகும், ஓடையில் இறங்கும் இடத்தில் கல் பதிப்போம், சரிந்து கிடக்கும் அவருடைய வரப்பையும் அதே ஆட்களை வைத்துக் கட்டிக் கொடுப்போம் என்று தம்பி சொன்னார். பெரியப்பா எழுந்து போய், நூல்கயிறோடு திரும்பி வந்தார். “எந்தப் பக்கம் போவுதுன்னு நான் புடிச்சுக் காட்டறேன்” என்றார்.

செய்த வேலைகள்

அடுத்த சில நாள்களில் அவர்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீடும் இதுபோன்ற இடத்தில் இருந்தால் பயன்படும்.

முதல் வேலை, குழியை மூடியது. மண்ணை அள்ளிப் போட்டு நிரப்பினால் அது உறிஞ்சு குழியாகவே இருக்கும். சல்லியை வெளியே எடுத்துவிட்டு, அரை அடி அரை அடியாக மண் போட்டு, லேசாக ஈரப்படுத்தி, திம்சு போட்டு இறுக்கினார்கள். மேலே ஓர் அடிக்குக் களிமண். சுற்று மட்டத்தைவிடக் கொஞ்சம் உயரமாக முடித்தார்கள். அங்கே தண்ணீர் இனி தேங்காது.

இரண்டாவது, வீட்டுக்குப் பின்னால் 20 அடி மேலே தடுப்பு வாய்க்கால். அடி அகலம் ஓர் அடி, ஆழம் ஓர் அடி, மேல் அகலம் மூன்றடி. நம் கணக்குப்படி வருகிற தண்ணீருக்கு இது தாராளம். கொத்தனாரிடம் இருக்கும் லெவல் டியூப் வைத்துக் குச்சி அடித்தோம். 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் இறக்கம். அதற்குக் குறைந்தால் தண்ணீர் தேங்கி ஊறும், வண்டல் படியும். மிக அதிகமானால் வாய்க்காலே அரிக்கும். வெட்டிய மண்ணை வீட்டுப் பக்கமாகப் போட்டு, கரையாக மிதித்து, அதில் வெட்டிவேர் நட்டார்கள். வாய்க்காலின் அடியைக் களிமண் பூசி இறுக்கினார்கள். ஊறுகிற வாய்க்கால் விளிம்புக்கு மேலே இருந்தால், அதுவும் ஒரு நீளமான உறிஞ்சு குழிதான்.

மூன்றாவது, ஓடையில் இறங்கும் கடைசி 20 அடி. அங்கே நிலம் சரிவானது. அதில் கல்லைச் சிமென்டில் பதித்து, படிப்படியாக இறக்கினார்கள். ஒவ்வொரு படியிலும் தண்ணீரின் வேகம் குறையும். அடியில் பெரிய கற்களைப் பரப்பினார்கள். வாய்க்கால் உடைவது பெரும்பாலும் அதன் கடைசி முனையில்தான். அங்கே செலவைக் குறைக்காதீர்கள்.

நான்காவது, கூரைத் தண்ணீர். இரண்டு குழாயையும் சேர்த்து 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்கு விட்டார்கள். மழைநீர் சேகரிப்பை நான் கைவிடவில்லை பாருங்கள்! மூடிய தொட்டியில் சேமித்தால் விளிம்புக்குத் தொந்தரவு இல்லை. நிறைந்து வழியும் தண்ணீர் நான்கு அங்குல பி.வி.சி குழாய் வழியாக அதே ஓடைக்குப் போகிறது. பக்கத்தில் ஓடை இல்லாத வீடுகளில், மூடிய குழாயைச் சரிவின் அடி வரை இறக்கி, அடியில் கல் பரப்பி விடலாம். விளிம்பிலேயே குழாயை முடிப்பதுதான் மிக மோசமான வேலை.

ஐந்தாவது, வீட்டைச் சுற்றி மட்டம். சுவரிலிருந்து 10 அடி தூரத்துக்கு அரை அடி இறக்கம் கொடுத்து, விளிம்புப் பக்கம் போகாமல் பக்கவாட்டில் தண்ணீர் ஓடும்படி மண் கொட்டி மிதித்தார்கள். 

ஆறாவது, கழிவுநீர். மழை வருடத்தில் சில மாதம்தான். சமையலறைத் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் வருடம் முழுக்க. அதை விளிம்பில் வைத்த நாலு வாழைக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தார் தம்பியின் மனைவி. நான் சொன்னதும் முகம் வாடிவிட்டது. வாழையைப் பிடுங்க வேண்டாம், பக்கக் கன்றுகளை எடுத்துப் பாட்டி வீட்டுப் பக்கம் நட்டு, தண்ணீரை அங்கே குழாய் வழியாகக் கொண்டு போங்கள் என்றேன். கழிவறையின் உறிஞ்சு குழிகளும் விளிம்புப் பக்கம்தான் இருக்கின்றன. அவற்றை மாற்றக் கொஞ்சம் பணம் வேண்டும். சாமை அறுவடை முடிந்ததும் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.

18 அடி போதுமா?

கிளம்பும்போது தம்பியின் மனைவி கேட்டார்: “இதெல்லாம் செஞ்சுட்டா வீடு நிக்குமா சார்?”

நான் வேளாண்மை படித்தவன். தண்ணீர் போகும் வழியைச் சொல்ல முடியும். அஸ்திவாரத்துக்குக் கீழே இருக்கும் மண்ணின் வலுவைச் சொல்ல அதற்கான பொறியாளர் வேண்டும். அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகளில், சரிவின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது விளிம்பிலிருந்து தள்ளி அஸ்திவாரம் போட வேண்டும் என்று இருக்கிறது. 30 அடிக்கு 10 அடி. அந்தக் கணக்கில் இந்த வீடு தேறிவிடும். ஆனால் இப்படிச் செங்குத்தாக நிற்கிற சரிவுக்கு அதே விதியே கூடுதல் தூரம் கேட்கிறது. சரிவின் அடியிலிருந்து 45 டிகிரியில் ஒரு கோடு மேல்நோக்கிப் போட்டு, அது மேலே வந்து சேரும் இடத்தை விளிம்பாக வைத்து அளக்கச் சொல்கிறது. அப்படி அளந்தால் 18 அடி போதாது. ஒன்றிய அலுவலகப் பொறியாளரை அழைத்து வந்து காட்டச் சொன்னேன். மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் புவியியல் துறை இருக்கிறது, அங்கேயும் மனுக் கொடுக்கச் சொன்னேன். முன்பக்கம் ஒரு வராந்தா இழுக்கும் யோசனையை அன்றே கைவிட்டுவிட்டார்கள்.

இன்னும் வீடு கட்டாதவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். காட்சி நன்றாக இருக்கிறது, லாரி வருகிறது என்று விளிம்புக்குப் போகாதீர்கள். பத்து சென்ட் சாமைக் கொல்லையை விட்டுக்கொடுத்தாவது உள்ளே தள்ளிக் கட்டுங்கள். பாட்டி வீடு இருக்கும் இடத்தைப் பாருங்கள்.

இவற்றைக் கண்டால் கவனம்

விளிம்புக்கு இணையாக நிலத்தில் நீள வெடிப்பு. நேராக இருந்த மரமோ மின்கம்பமோ வேலிக்கல்லோ சாய்வது. சரியாக மூடிக்கொண்டிருந்த கதவு திடீரென்று இறுகுவது. சரிவின் முகத்தில் புதிதாக ஊற்று வருவது, தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருவது, அல்லது மழையிலேயே ஊற்று நிற்பது. இவற்றில் எது தெரிந்தாலும், பெருமழை நாளில் அந்த வீட்டில் தூங்காதீர்கள். பொருளை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

இலங்கையில் 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தை தேயிலைத் தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. அங்கே வாழ்ந்தவர்கள் நம் தமிழர்கள். அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறு இடம் இல்லாமல் அங்கேயே இருந்தார்கள். ‘மழை வந்தால் எங்கே போய்ப் படுப்பது’ என்பதை வெயில் காலத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். இந்தக் குடும்பம் பாட்டி வீட்டுக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறது.

ஒரு காலண்டர் தாள்

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அன்று விளிம்போரம் நடந்தபோது, புல்லுக்குள் ஒரு வெடிப்பைப் பார்த்தோம். 12 அடி நீளம். கத்தி நுழையும் அகலம். களிமண் கரைத்து ஊற்றி அடைத்து, மேலே மேடாக்கச் சொன்னேன். வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு முளை, அந்தப் பக்கம் ஒரு முளை அடித்து, தலையில் ஆணி வைத்து அளந்தோம். ஆணிக்கு ஆணி சரியாக 4 அடி. ஒவ்வொரு மழைக்கும் பிறகு அளந்து எழுதி வையுங்கள், கால் அங்குலம் கூடினாலும் உடனே வீட்டைக் காலி செய்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குச் செல்பேசி அடித்தது. அந்த நேரத்தில் அவர் பெயரைத் திரையில் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

“சார், ராத்திரி பூரா மழை. நாங்க பாட்டி வீட்டுலதான் படுத்தோம். இப்பதான் டார்ச் எடுத்துக்கிட்டு வந்து பாக்குறேன். வாய்க்கால் முக்கால் அளவு ஓடுது. வீட்டுப் பக்கம் வர்ற பழைய ஓட்டத்துல சொட்டுத் தண்ணி இல்ல. பெரியப்பா வரப்பும் நிக்குது.”

“ஆணி அளந்தீங்களா?”

“அளந்துட்டேன் சார். நாலு அடி. காலண்டர்ல எழுதிட்டேன்.”

இதுவரை அந்தத் தாளில் பதினோரு முறை எழுதியிருக்கிறார். பதினொன்றும் 4 அடிதான். கழிவறைக் குழியை மாற்றும் வேலை இன்னும் பாக்கி. அடுத்த மழைக்கு முன் அதையும் முடித்துவிட வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த இதழ் கைக்குக் கிடைக்கும்போது, அதை நினைவூட்டியதாகவும் அவர் எடுத்துக்கொள்ளட்டும்.